மூச்சும் வல்லினமும்: விடுதலைக்குப் பின் சிற்றிதழ்கள் கேட்ட கேள்விகள்

புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம் என்பது இவ்வூர் இலக்கியக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த செய்தி. அவர் 1906இல் பிறந்தது இதே தென்னார்க்காட்டைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில் என்பதும் அவ்வாறே. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் ஒன்றாயிருப்பது பெருமைக்கு உதவும், ஆராய்ச்சிக்கு உதவாது. ஆயினும் தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் காலனியத்துக்கும் உள்ள உறவை ஆராயப் புகுவோர் அவரிடமிருந்து தொடங்குவதற்கு வேறொரு காரணம் உண்டு. 1935இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த ‘துன்பக்கேணி’ நெல்லைச் சீமையின் சேரியிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குக் கூலியாகக் கொண்டு செல்லப்பட்ட மருதி என்னும் பெண்ணின் கதை. அவளை அனுப்பி வைத்தவை இரண்டு: வெள்ளையரின் தோட்டப் பொருளாதாரம், ஊரின் சாதி. இரண்டும் ஒன்றுக்கொன்று துணைநின்றதை அக்கதை கோட்பாட்டுச் சொல் ஒன்றுகூட இன்றிக் காட்டிவிட்டது. பின்வந்த அறுபது ஆண்டுகளில் தமிழ்ச் சிற்றிதழ்கள் எழுப்பிய அரசியற் கேள்விகளில் பாதிக்கு மேல் அக்கதைக்குள் அடங்கியவையே எனலாம்.

‘மணிக்கொடி’ பிறந்தபோது இலக்கிய இதழாகப் பிறக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். 1933 செப்டம்பரில் ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவரும் அதைத் தேசிய அரசியல் வார இதழாகவே தொடங்கினர். பெயரிலேயே கொடி இருந்தது. 1935இல் பி.எஸ். ராமையாவின் கைக்கு வந்தபோதுதான் அது சிறுகதை இதழாயிற்று. அரசியல் இதழ் நின்றுபோன இடத்தில் கலை இதழ் முளைத்தது என்னும் இந்த வரலாறு பின்னாளில் ஒரு கொள்கையாகவே மாற்றப்பட்டுவிட்டது: அரசியல் விலகினால்தான் கலை வாழும் என்பதாக. இந்தக் கொள்கைக்கு மிகுந்த ஒழுக்கத்தோடு உழைத்தவர் சி.சு. செல்லப்பா.

1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்த ‘எழுத்து’வின் சாதனையை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. புதுக்கவிதை இன்று எழுதும் ஒவ்வொருவரும் அதற்குக் கடன்பட்டவரே. ந. பிச்சமூர்த்தியும் பசுவய்யாவும் சி. மணியும், திருகோணமலையிலிருந்து எழுதிய இளைஞர் தருமு சிவராமுவும் அங்கேதான் ஒருவரையொருவர் கண்டனர். ‘எழுத்து’வின் பக்கங்களில் அரசியலுக்கு இடம் மிகக் குறைவு. ஆனால் அதன் ஆசிரியரோ விடுதலைப் போரில் சிறை சென்ற காந்தியர். தம் வாழ்வின் அந்திமத்தில், 1997இல், ‘சுதந்திர தாகம்’ என்னும் மூன்று பாக நாவலை வெளியிட்டார். அதாவது, தாம் நேரில் கண்ட பெரும் அரசியல் நிகழ்வைப் பற்றிச் சொல்ல அவரிடம் இவ்வளவு இருந்தது. இதழில் மட்டும் அதற்கு வாயில் அடைக்கப்பட்டிருந்தது. நாட்டின் விடுதலை முடிந்த காரியம், இனி மொழியின் விடுதலையே பாக்கி என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கலாம். அந்த மொழி விடுதலைக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் நிலைமை மேலும் சிக்கலாகிறது. எலியட்டும் ஆங்கிலப் புதுத் திறனாய்வாளர்களும் கல்லூரி ஆங்கில வகுப்பு வழியாகத் தமிழுக்கு வந்தவர்கள். மரபுப் பண்டிதரின் பிடியிலிருந்து கவிதையை மீட்க, ஆண்டவனின் மொழியில் வந்த கருவியே பயன்பட்டது. இதைக் குற்றமாகக் கூறுவது எளிது, நியாயமன்று. கருவி எங்கிருந்து வந்தது என்பதைவிட அதைக் கொண்டு என்ன செய்யப்பட்டது என்பதே கேட்கத்தக்கது. சி. மணியின் ‘நரகம்’ சென்னை நகரத்தைப் பற்றியதே அன்றி லண்டனைப் பற்றியதன்று.

அதே காலத்தில் மறுபுறம் வ. விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’, ரகுநாதனின் ‘சாந்தி’, ஜீவாவின் ‘தாமரை’ ஆகிய இடதுசாரி இதழ்கள் இருந்தன. இவற்றுக்கு அப்பால், சிற்றிதழ்களைக் காட்டிலும் பன்மடங்கு வாசகரைக் கொண்ட திராவிட இயக்க ஏடுகள், ‘குடி அரசு’ முதல் ‘திராவிட நாடு’ வரை, பிறிதொரு கேள்வியை ஓயாமல் கேட்டு வந்தன: வெள்ளையன் போனபின் ஆட்சி யார் கைக்குப் போகிறது? இக்கேள்வியைச் சிற்றிதழாளர் மேடைப்பேச்சு என்று ஒதுக்கினர். மேடைப்பேச்சின் மிகையலங்காரத்தை ஒதுக்கியது சரி. அதனுள் இருந்த கேள்வியையும் சேர்த்து ஒதுக்கியதற்குத் தமிழ் நவீனத்துவம் நெடுங்காலம் விலை கொடுக்க நேர்ந்தது.

இந்தப் பிரிவினை தவிர்க்க முடியாததா? இதைச் சோதிக்க 1966ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வது பயனுடையது. அவ்வாண்டில் ஒன்றையொன்று அறியாத இரண்டு இதழ்கள் தோன்றின. ஒன்று மொராக்கோவின் ரபாத் நகரில், மற்றது யாழ்ப்பாணத்தில்.

ரபாத்தில் தோன்றிய இதழின் பெயர் ‘சூஃப்ல்’. பிரெஞ்சு மொழியில் ‘மூச்சுகள்’ என்று பொருள். தொடங்கியவர் அப்தெல்லத்தீஃப் லாபி என்னும் இருபத்து நான்கு வயதுக் கவிஞர். பள்ளியில் பிரெஞ்சு கற்பித்தவர். முஸ்தஃபா நிஸ்ஸாபூரி, முகம்மது கைர்-எத்தீன் ஆகிய கவிஞர்கள் உடனிருந்தனர். மொராக்கோ 1956இல் விடுதலை பெற்ற நாடு. 1965 மார்ச்சில் காசாபிளாங்காவின் மாணவர்கள் தெருவிலிறங்க, விடுதலை பெற்ற நாட்டின் சொந்தப் படையே அவர்களைச் சுட்டது. அதற்கு ஓராண்டு கழித்து வந்த முதல் இதழின் அட்டையில் ஓவியர் முகம்மது மெலெஹி வரைந்த கறுப்புச் சூரியன் இருந்தது. உள்ளே கவிதைகள்தாம். ஆனால் அக்கவிஞர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்ட கேள்வி கூரியது: அடிமைப்படுத்தியவனின் மொழியில் எழுதிக்கொண்டு அடிமைத்தனத்திலிருந்து எப்படி விடுபடுவது? அவர்கள் கண்ட விடை, அந்த மொழியைப் பணிவாக எழுதாமல் அதன் இலக்கணத்தையும் நயத்தையும் உடைத்து எழுதுவது. வடிவத்தைச் சிதைப்பதே அங்கு அரசியற் செயலாயிற்று. நம் நாட்டில் எதிரெதிராக நிறுத்தப்பட்ட இரண்டும் அங்கே ஒரே காரியமாக இருந்தன.

ஓவியர்களும் அவ்வாறே. காசாபிளாங்கா கலைப்பள்ளியின் ஃபரீத் பெல்காஹியா, மெலெஹி, முகம்மது ஷெபா முதலியோர் ஐரோப்பியர் விட்டுச்சென்ற ஓவியப் பாடத்தைத் தள்ளிவிட்டு, கம்பளத்திலும் நகையிலும் கூரை மரத்திலும் இருந்த உள்ளூர்க் கோலங்களிலிருந்து நவீன ஓவியத்தைக் கட்டினர். 1969இல் மராக்கேஷ் நகரச் சந்தைத் திடலில், பாம்பாட்டிகளும் கதைசொல்லிகளும் கூடும் இடத்தில், தங்கள் ஓவியங்களைத் திறந்த வெளியில் மாட்டினர். கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் சென்னைக்கருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைந்ததும் இதே 1966இல்தான். ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் தமிழ்ச் சிற்றிதழ்களுக்குக் கோடுகளைத் தந்தார்கள். இந்த ஒற்றுமையை மிகைப்படுத்த வேண்டுவதில்லை எனினும், ஒரே வரலாற்று நெருக்கடி தொலைவான இரு கரைகளில் ஒரே வகை அலையை எழுப்பியிருப்பது கண்கூடு.

‘சூஃப்ல்’ 1969இல் பாலஸ்தீனத்துக்குச் சிறப்பிதழ் வெளியிட்டது. ஃபனோன் எழுதியவை அங்கே தொடர்ந்து விவாதிக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் அதிகாரத்துக்கு வரும் உள்நாட்டு மேற்குடி, போன எசமானரின் நாற்காலியில் அமர்ந்து அவர் செய்ததையே செய்யும் என்று 1961இல் ஃபனோன் எழுதியிருந்தது அவர்களுக்குத் தினசரிச் செய்தியாக இருந்தது. 1971இல் ‘அன்ஃபாஸ்’ என்னும் அரபுப் பதிப்பும் வந்தது. பிரெஞ்சில் 22, அரபியில் 8, அவ்வளவே. 1972 ஜனவரியில் லாபி கைது செய்யப்பட்டார், சித்திரவதைக்கு ஆளானார், பத்தாண்டுத் தண்டனை பெற்று 1980இல்தான் வெளியே வந்தார். உடன் உழைத்த ஆபிரகாம் செர்ஃபாத்தி பதினேழு ஆண்டுகள் சிறையிலிருந்தார். ஒரு கவிதை இதழுக்கு அரசு கொடுத்த மதிப்பு அது. தமிழ்ச் சிற்றிதழாளர் பலர் மனைவியின் நகையை அடகு வைத்தனர், கடனில் மூழ்கினர், புத்தகத்தைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக நடந்தனர் (செல்லப்பா நடந்த தூரம் ஒரு காவியத்துக்குப் போதும்). ஆனால் கவிதைக்காக அரசு அவர்களைத் தேடி வந்தது அரிது. இதைப் பேறு என்பதா, குறை என்பதா?

இனி யாழ்ப்பாணம். 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது அதன் அலுவலகம் ஒரு முடிதிருத்தகம். ஜோசப் சலூன் என்று பெயர். தொழிலாளியாக அங்கே நின்று முடி வெட்டியவரே ஆசிரியர், வெளியீட்டாளர், தெருவில் நின்று விற்பவர். சாதியின் பேரால் பள்ளிப் பருவத்திலேயே அவமதிக்கப்பட்டவர், தோழர் ப. ஜீவானந்தத்தின் மீதுகொண்ட பற்றினால் தம் பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டவர். ‘மல்லிகை’ தொடங்கிய இரண்டு மாதங்களில், 1966 அக்டோபர் 21 அன்று, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது; காவல்துறை தாக்கியது. தொடர்ந்து தேநீர்க் கடைகளிலும் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலும் நடந்த போராட்டங்கள் கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலுக்குப் பொருளாயின.

இலங்கை 1948இல் விடுதலை பெற்றது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. இத்தகைய சூழலில் தமிழை ஒருமுகமாக நிறுத்துவதே கடமை என்று எவரும் கருதக்கூடும். ஆனால் அதற்குள்ளேயே, பேச்சுத்தமிழில் எளியோர் வாழ்வை எழுதிய முற்போக்காளரை நோக்கி மரபுப் பண்டிதர்கள் ‘இழிசனர் வழக்கு’ என்னும் சொல்லை வீசினர். கைலாசபதியும் சிவத்தம்பியும் அதற்கு மறுமொழி உரைத்தனர். இந்த விவாதத்தைப் பண்டிதர்-நவீனர் சண்டையாக மட்டும் காண்பது போதாது. மொராக்கோ கவிஞர்கள் ‘எவன் மொழி?’ என்று கேட்டார்கள். ஈழத்தார் கேட்டது ‘எவர் தமிழ்?’ என்பது. காலனிய அரசு போன பிறகும் நீங்காத ஆதிக்கம் மொழிக்கு உள்ளேயே குடியிருப்பதை அவர்கள் கண்டனர். ஃபனோனிடம் இதற்கு நேரான சொல் இல்லை. அம்பேத்கரிடம் இருந்தது: 1949 நவம்பர் 25 அன்று அரசியலமைப்பு அவையில் அவர், அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் சமத்துவமின்மையுமாக இந்தியா ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போவதாக எச்சரித்தார். தமிழகத்தின் சிற்றிதழ்கள் அவ்வெச்சரிக்கையின் எடையை உணர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். சேலத்திலிருந்து ‘நடை’, 1970 அக்டோபரில் தன்னை வல்லின மாத ஏடு என்று அறிவித்துக்கொண்டு வந்த ‘கசடதபற’, 1971இல் கோவையிலிருந்து விலையிலாக் கவிமடலாக வந்த ‘வானம்பாடி’. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் தீக்கிரையானதைக் குறித்து, அரசியலற்றவர் என்று ஏசப்பட்ட ஞானக்கூத்தனும் கவிதை எழுதினார். வானம்பாடிகள் உலக விடுதலைப் போர்களையெல்லாம் பாடினர். உருக்கம் இருந்த அளவு ஊர் இல்லை என்ற குறை அவர்கள் மீது இன்றும் உண்டு. தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வந்தது. பிரம்மராஜன் உதகையிலிருந்து நடத்திய ‘மீட்சி’ இலத்தீன் அமெரிக்கரைத் தமிழில் பேசவைத்தது. கோவை ஞானி ‘பரிமாண’த்திலும் ‘நிகழி’லும் மார்க்சியத்தைத் தமிழ் மரபோடு உரையாடச் செய்தார். இவற்றுள் ஒவ்வொன்றும் தனிக்கட்டுரை வேண்டுவது.

1990களின் தொடக்கத்தில் புதுச்சேரியை மையமாகக் கொண்டு ரவிக்குமார், அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி ஆகியோர் நடத்திய ‘நிறப்பிரிகை’ வேறு காலத்தது. மண்டல் பரிந்துரை 1990இல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டு நாடு கொந்தளித்தது. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு. சோவியத் ஒன்றியம் அதே ஆண்டில் மறைந்தது. பழைய விடைகள் தளர்ந்த அந்த வேளையில் தலித் இலக்கியம், பெரியார், தேசியம், வன்முறை என ஒவ்வொன்றையும் கூட்டு விவாதமாக நடத்தி அச்சிட்டது அவ்விதழ். 1978இல் எட்வர்டு சைத் எழுதிய ‘ஓரியண்டலிசம்’, 1982 முதல் ரணஜித் குஹா முன்னின்று வெளியிட்ட அடித்தள மக்கள் ஆய்வுகள், தேசம் என்பது கற்பனை செய்யப்பட்ட சமூகம் என்ற பெனடிக்ட் ஆண்டர்சனின் 1983ஆம் ஆண்டு நூல் ஆகியவை எழுப்பிய சிந்தனைகள் பல்கலைக்கழக வகுப்புகளுக்கு முன்பாகவே சிற்றிதழ் வழியாகத் தமிழில் விவாதிக்கப்பட்டன. கட்டுடைப்பு, சொல்லாடல், கதையாடல், விளிம்புநிலை என்று இன்று முனைவர்ப்பட்ட ஆய்வேடுகளில் மலிந்து கிடக்கும் சொற்கள் அன்றைய சிற்றிதழ்ச் சூழலில் புழக்கத்துக்கு வந்தவையே. மாணவர்க்கு இச்சொற்கள் இன்று மதிப்பெண். அன்று அவை சண்டை.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. பாரிசில் தைத்த சட்டையைப் பண்ணுருட்டியில் மாட்டுகிறார்கள் என்ற பொருள்படப் பலரும் எழுதினர், பேசினர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. புரியாமை ஒரு தகுதியாகவே கொள்ளப்பட்ட கட்டுரைகள் அந்நாளில் குறைவல்ல. ஆனால் அந்நியக் கோட்பாடு என்ற குற்றச்சாட்டைச் சொன்னவர்களில் பலர் எலியட்டையும் லூகாச்சையும் வரவேற்றவர்களே. எலியட் வந்தபோது கேட்காத கடவுச்சீட்டு குஹா வந்தபோது கேட்கப்பட்டது. புதிய கோட்பாடு கவிதையின் வடிவத்தைப் பற்றி மட்டும் பேசாமல் அதை மதிப்பிடுபவர் எங்கே நின்று மதிப்பிடுகிறார் என்று கேட்டதே இந்தத் திடீர் எச்சரிக்கைக்குக் காரணம் எனத் தோன்றுகிறது.

அக்கேள்விக்கு உரிய சோதனை இவ்வட்டாரத்திலேயே நிகழ்ந்தது. 1994இல் க்ரியா வெளியிட்ட இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தின் கதை. ஒடுக்கப்பட்டோரின் சேரிக்குள்ளும் ஒடுக்கப்படுவோர் உண்டென்று அந்நாவல் காட்டியது. சிலர் கொண்டாடினர், தலித் திறனாய்வாளர் சிலர், ஒற்றுமை வேண்டிய வேளையில் இப்படி எழுதலாமா என்று மறுத்தனர். விளிம்புநிலைக் கோட்பாடு தன் விளிம்பைத் தானே எதிர்கொண்ட தருணம் அது. கோட்பாட்டாளர் எழுதிய எந்தக் கட்டுரையையும்விட அந்நாவல் அக்கோட்பாட்டை ஆழமாகப் பரிசோதித்தது. அதற்கு ஆறாண்டுகள் முன்னரே, 1988இல், த. பழமலயின் ‘சனங்களின் கதை’ இப்பகுதிச் சிற்றூர்ப் பேச்சையே கவிதையாக்கி வழி திறந்திருந்தது. கரிகாலன் விருத்தாசலத்திலிருந்து நடத்திய ‘களம் புதிது’ இத்தகைய எழுத்துக்கு ஒரு முகவரி ஆயிற்று. தலைநகரத்துக்கு எழுதி அனுப்பிக் காத்திருந்த ஓர் ஊர், தானே ஆசிரியராகி அஞ்சல்தலை ஒட்டத் தொடங்கியது.

‘எவர் தமிழ்?’ என்ற ஈழத்துக் கேள்விக்கு இங்கே கிடைத்த விடை ஓர் அகராதி. மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளியாக இருந்துகொண்டே தொகுத்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ 2007இல் வெளிவந்தது. வின்சுலோவும் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் விட்டுவிட்ட முந்திரிக்காட்டுச் சொற்கள் அதில் அச்சேறின. அகராதி என்பது காலனிய அறிவுத்துறையின் தலைமகன்; பாதிரியாரும் கலெக்டரும் ஆளுவதற்காக உண்டாக்கியது. அதே வடிவத்தை ஒரு தொழிலாளி எடுத்துத் தம் மக்களின் வாய்ச்சொல்லுக்குச் சான்றாவணம் ஆக்கியதை லாபியின் கூட்டத்தார் அறிந்திருந்தால் தங்கள் உறவினர் என்றே கொண்டாடியிருப்பர்.

அவருடைய ‘வந்தாரங்குடி’ நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலமிழந்து பெயர்ந்தவர்களின் நாவல். 1956இல் அமைந்த நெய்வேலி நிறுவனம் விடுதலை பெற்ற நாட்டின் பெருமிதங்களுள் ஒன்று. நாட்டுக்கு மின்விளக்கு, ஊர்களுக்கு இடப்பெயர்ச்சி. பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றியபோது வெண்களிமண்ணும் கிடைத்தது. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டைக்கும் பொம்மைகளுக்கும் மின்கம்பத்துப் பீங்கான்களுக்கும் அதுவும் ஒரு மூலப்பொருள். கொலுவில் அமரும் பொம்மையின் உடம்பில் யாரோ ஒருவருடைய கொல்லையின் அடிமண் இருக்கிறது. இந்நகரின் கவிஞர்கள் சூளையைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். களிமண் வந்த வழியைப் பற்றிய கவிதைகளுக்கு இன்னும் இடமிருக்கிறது.

இதழ்களின் பின்கதையும் ஒன்றுண்டு. ‘மல்லிகை’ நானூறு இதழ்களைக் கடந்து வந்தது. டொமினிக் ஜீவா 2021 ஜனவரியில் கொழும்பில் மறைந்தார்; அவ்விதழ்கள் பலவற்றை நூலகம் நிறுவனம் மின்வடிவில் காத்துவருகிறது. லாபி 1985இல் பிரான்சுக்குச் சென்றார். தாம் உடைக்க முயன்ற அதே மொழியில் தொடர்ந்து எழுதினார். ‘நிறப்பிரிகை’ 1990களோடு நின்றது. அதன் ஆசிரியர்கள் கருத்து வேறுபட்டுத் தனித்தனி வழி சென்றனர். அவர்களுள் ரவிக்குமார், விருத்தாசலத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவிலுள்ள காட்டுமன்னார்கோயில் தொகுதியிலிருந்து 2006இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2019இல் விழுப்புரத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கும். மொராக்கோவில் சிறைக்குப் போன சிற்றிதழ், இங்கே வாக்குச்சாவடி வழியாக அவைக்குள் போனது.